நாற்பத்தொரு நடை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு வாரமாக ஆமை போல ஊர்ந்த என் கம்ப்யூட்டர், நேற்று ‘மெமரி போதவில்லை’ என்று கையை விரித்துவிட்டது. பதறாதே, சரியாகிவிட்டது. பக்கத்து அறை லிஃப்ட் மெக்கானிக் வந்து பார்த்தார்.

“கடைசியா எப்பண்ணே ஆஃப் பண்ணீங்க?”

“தினமும் பட்டனை அமுக்கிட்டுத்தானே வேலைக்குப் போறேன்?”

அமுக்கிக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அது ஸ்கிரீன் பட்டன்ணே! கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு.”

திறந்து கிடந்ததையெல்லாம் திரையில் பரப்பினார். எல்லாமே பாப்பா முதன்முதலாக நடந்தபோது நீ எடுத்து அனுப்பிய வீடியோ. தினமும் புதிதாகத் திறந்து பார்த்தேனே தவிர, ஒருநாளும் மூடவில்லை. முடிந்ததும் மறுபடி ஓடும்படி வேறு வைத்திருந்தேன். நாற்பத்தொரு பாப்பா! ஒருத்தி எழுகிறாள், ஒருத்தி தடுமாறுகிறாள், ஒருத்தி உன் கையைப் பிடித்துவிட்டாள். மெக்கானிக் வாயைப் பிளந்து நின்றார். நான் வேலையில் இருந்த நேரமெல்லாம், பூட்டிய இந்த அறைக்குள் இத்தனை பேராக நடந்துகொண்டே இருந்திருக்கிறாள்!

நாற்பதை மூடியதும் கம்ப்யூட்டர் பறக்கிறது. கடைசி ஒன்றை மூடக் கை வரவில்லை.

பாப்பாவின் காலைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது அந்த முதல் நாள் கால்தான்.

வேன் வந்துவிட்டது. இன்று திரையை அணைக்காமல் போகிறேன். அவள் இருட்டில் நடக்க வேண்டாம்.

பாப்பா அப்பா