மெத்தைக் கடையில் ஒரு ஆல்பம்

மச்சான்,

இன்று காலை ஆர்மோனியத்தைத் திறந்து துருத்தியை அமுக்கினேன். உள்ளேயிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கு பறந்து வந்து நேராக என் மூக்கில் ஏறியது. தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மேற்குத் தாம்பரத்து உன் மெத்தைக் கடை இன்னும் என்னை விட்டபாடில்லை.

நீ எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளை முதலில் ஒரு பெரிய ஸ்டூடியோவில்தான் பதிந்தோம், ஞாபகமிருக்கிறதா? மாதக்கணக்கில் இழுத்தார்கள். உன் குரலை நறுக்கி, நேராக்கி, நீ மூச்சு விட்ட இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு வயலின்களை நிறுத்தினார்கள். கடையில் போட்டுக் காட்டினோம். உன் மனைவி பாத்திமா நின்று கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு. யாரு பாடுறது?" என்றார். அன்று நீ பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். "பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிட்டானுங்கடா என்னை," என்றாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடைக்குக் கூப்பிட்டாய். "அசர் தொழுகைக்குள்ள மொத்தத்தையும் முடிக்கிறோம். தப்பு வந்தா வரட்டும், நீ நிறுத்தாத," என்றாய். வெளிச்சத்தம் புகாமல் நாலு பக்கமும் மெத்தைகளை நிறுத்தி, நடுவில் ஒரு மைக்கை வைத்து உட்கார்ந்தோம். வியாபாரியாயிற்றே, ஷட்டரை முழுசாக இறக்க உனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது பாட்டில் ஒரு அக்கா குனிந்து உள்ளே வந்து, "பாய், இது இலவம்பஞ்சா?" என்றார். நீ சுருதி விலகாமல், அதே மெட்டில், "ஒரிஜினல் இலவம்பஞ்சுதாங்க்கா, கொஞ்சம் உக்காருங்க" என்று பாடி, விட்ட வரியைப் பிடித்தாய். என் விரல் தப்பான கட்டையில் விழுந்தது. அந்த அக்கா முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு ஒரு தலையணை உறை வாங்கிக்கொண்டு போனார்.

போன வாரம் பாத்திமா, "அவர் குரலைக் கேக்கணும் அண்ணா, வேற ஒண்ணும் வேணாம்," என்றார். கடையில் பதிந்தது பழைய பதிவாயிற்றே, கொஞ்சம் துடைத்துக் கொடுக்கலாமே என்று, இருந்த ஒரே பிரதியைப் பெருங்களத்தூரில் ஒரு சவுண்ட் இன்ஜினியரிடம் கொடுத்தேன். "எல்லா டிஸ்டர்பன்ஸும் எடுத்துட்டேன் சார்," என்று அனுப்பிவைத்தார். கேட்டால் அந்த அக்கா இல்லை, ரயில் சத்தம் இல்லை, நீ செருமுவது இல்லை. மறுபடியும் உனக்குப் பட்டி பார்த்திருந்தார். ஒரிஜினல் எங்கே என்று கேட்டேன். "அது எதுக்கு சார்? இன்னிக்கு டெலீட் பண்ணிடுவேன்." செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினேன். நல்லவேளை, அழிப்பதற்கு முன்னால் அவர் சாப்பிடப் போயிருந்தார்; வந்ததும் ஒரிஜினலை என் போனில் ஏற்றி வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரிஜினலைத்தான் உன் வீட்டில் போட்டேன். பாத்திமா பூண்டு உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும், கடைக்கு மேலே இருக்கும் வீட்டின் மாடிப்படியைப் பார்த்து நீ அன்று கத்தியது கேட்டது: "பாத்திமா, ரெண்டு டீ."

"இப்பதானே குடிச்சீங்க," என்றார் அவர், தலை நிமிராமல்.

பிறகு பூண்டை அப்படியே மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். அடுத்த பாட்டு தானாக ஓடியது. கிளம்பும்போது, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாங்கண்ணா," என்றார்.

என் போனில்தான் இருக்கிறாய், மச்சான். தாம்பரம் ரயில் கூட்டத்தில் பர்ஸை மறந்துவிட்டு, போன் இருக்கும் பையைத்தான் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.