செத்ரோன் இலை போட்ட ஜாம்

சந்தியாகோ, 9 ஜனவரி 1994

அன்புள்ள ஒடிலியா அக்காவுக்கு,

நலம்தானே? நீ அனுப்பிய ஜாம் வந்தது, அருமையாக இருந்தது.

ஓர் உதவி. எங்கள் மேலாளர் ரெபேகா அம்மையார் வீட்டில் மாலைத் தேநீருக்குப் போனேன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு ஜாம் வைத்தார். நம்மூர் வெள்ளை ஸ்ட்ராபெரிதான், அடியில் எலுமிச்சை மணக்கும் ஒரு செத்ரோன் இலை. அப்படியொரு ருசியை நான் கண்டதில்லை. செய்தவரைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நம் புரேனில் விசாரியேன்.

உன் தங்கை,
எலியானா


புரேன், 17 ஜனவரி

என் செல்ல எலியானாவுக்கு,

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. நிறத்துக்காக ஊரே சிவப்புப் பழம் கலக்கும். கலக்காமல் இலை போடுகிறவள் நான் ஒருத்திதான். உனக்கு அனுப்பியதிலும் அதே இலைதானே, கவனிக்கவில்லையா?

போன வருடம் எனக்குக் கூடமாட உதவியவள் பக்கத்து வீட்டு ஓர்டென்சியா. நேரே சந்தைக்குப் போய், "என் கைப்பக்குவத்தத் திருடித் தலைநகர்ல பேர் வாங்குறியா?" என்று கத்திவிட்டேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள். "ஒரு ஜாமுக்கா ஒடிலியா, இத்தனை பேர் முன்னாடி?" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். நான் செய்தது சரிதானே?

உன் அக்கா,
ஒடிலியா


சந்தியாகோ, 25 ஜனவரி

அக்கா,

ஓர்டென்சியா திருடவில்லை. அது உன் ஜாம்.

கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்போம். நீ அனுப்பியதோ பழைய காபி புட்டி, மூடியில் அப்பாவின் கட்டம்போட்ட சட்டைத் துணி. என் மேசையில் அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம். பெயர் எழுதாமல் பரிசுகளோடு வைத்துவிட்டேன். அது ரெபேகா அம்மையாருக்குப் போயிருக்கிறது. நேற்று காலிப் புட்டியைக் கொண்டுவந்து, "இத யார் செஞ்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது, அக்கா.

ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் யாருக்காவது கொடுத்துவிடுவேன். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எலியானா


புரேன், 3 பிப்ரவரி

எலியானாவுக்கு,

ஓர்டென்சியாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தாள்.

"அப்ப அது யாரு செஞ்ச ஜாம்?"

"என்னுதுதான்."

"தங்கச்சிக்கு அனுப்புனது அந்தம்மா வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "எங்கக்கா செஞ்சதுன்னு பெருமையாச் சொல்லி அவளே கொடுத்தாளாம்" என்றேன். ஓர்டென்சியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே கூப்பிட்டு மாத்தே தேநீர் கொடுத்தாள். "கொடுத்து வச்சவ நீ" என்றாள். சந்தையில் அவளைத் திட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

இன்னும் இரண்டு புட்டி மீதி இருக்கிறது. அந்த அம்மையாரின் விலாசத்தை எழுது. நேராக அவருக்கே அனுப்பிவிடுகிறேன். உனக்கு எதற்கு நடுவில் சிரமம்?

ஒடிலியா