கொய்யாச் செடிக்குப் போன தண்ணீர்

மாமா,

இடது காலில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். சோளக்காடு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாசி பிடித்த படியில் கால் வைத்து வழுக்கி விழுந்தேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இப்போது நீங்கள் படுத்திருந்த அதே கட்டிலில், அதே ஜன்னலோரம் கிடக்கிறேன்.

சுமதிக்கு மலைக்கே மாறுதல் கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. இரவு டியூட்டி முடித்துக் காலையில் வந்தவள், சமைத்து, எனக்குச் சோறு போட்டு, ஸ்டூலில் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரும் வைத்துவிட்டு, அடுத்த அறையில் அசந்து தூங்குகிறாள். ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழ வாசனை வந்துகொண்டிருக்கிறது. இந்த வருடம் மரம் கொள்ளாத காய்.

டம்ளரைக் கையில் எடுத்தேன். இதைக் குடித்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் அவளை எழுப்ப வேண்டியிருக்கும். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. வெளியே ஊற்றிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன் மாமா. நினைத்த உடனே உங்கள் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். டம்ளரை ஸ்டூலிலேயே திருப்பி வைத்துவிட்டு, பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகத்தான் மலைக்கு வந்தீர்கள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தை போன பிறகு உங்களுக்கு இருந்தது ஒரே மகள் சுமதிதான். அவள் அப்போது கீழே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரக் கடைசியில் மட்டும் மேலே வருவாள். ராசிபுரத்துப் பக்கம் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, அப்பா கொஞ்ச நாள் குளிர்ச்சியில் இருக்கட்டும் என்று கார் வைத்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். ஊருக்குள் வரும் வழியில் இளவட்டங்கள் மூங்கிலைக் குறுக்கே கட்டினார்கள். சுமதிக்குக் கொரோனா வார்டில் டியூட்டி போட்டார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாம் இரண்டு பேர்.

நமக்குள் அதுவரை பேச்சு என்று எதுவும் இருந்ததில்லை. ‘வாங்க மாப்ள’, ‘சாப்பிடுங்க மாப்ள’, ‘போய்ட்டு வாங்க மாப்ள’. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நீங்கள் என்னிடம் சொன்னது இந்த மூன்றுதான். நான் உட்காராமல் நீங்கள் உட்கார்ந்ததில்லை. நோயில் விழுந்த பிறகும் நான் அறைக்குள் வந்தால் இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்திருக்கப் பார்ப்பீர்கள். எழ முடியாமல் சாய்ந்துவிடுவீர்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்த அறைக்குள் வருவதையே குறைத்துக்கொண்டேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டு உங்களைத் தனியாக விட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் காலையில் கைத்தாங்கலாகப் பின்பக்கத்துக் கக்கூஸுக்குக் கூட்டிப் போக வந்தேன். ‘வேண்டாங்க மாப்ள’ என்றீர்கள். அவ்வளவுதான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் காட்டுக்குப் போகிற வழியில் தினமும் காலையில் ஒரு தடவை வந்து உங்களைக் கூட்டிப் போவது என்று ஏற்பாடானது. மிளகுக் கொடி ஏற்றுகிற கை அவருக்கு. உங்களை அலாக்காகத் தூக்கிவிடுவார். கூட்டிப் போய், வெந்நீர் வார்த்து, வேட்டி மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, தன் கிழங்குக் காட்டைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை நீங்கள் எதற்கும் எழுந்ததில்லை.

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. கிழவர் தொந்தரவே இல்லை என்று சுமதியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். ஆறு மாத வீட்டுப்பாட நோட்டைத் திருத்தினேன். சாமைச் சோறு பொங்கக் கற்றுக்கொண்டேன். மூன்று நாள் கஞ்சியாகவும் நான்காம் நாள் கட்டியாகவும் வந்ததை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டீர்கள். பிள்ளைகளுக்குப் போனில் அனுப்ப உங்கள் ஜன்னலுக்கு வெளியே பாறைமேல் உட்கார்ந்து பாடம் பேசிப் பதிவு செய்வேன். ஒரு நாள் கடலைச் செடியின் வேரில்தான் காய் காய்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து உங்கள் குளறலான குரல் வந்தது: “வேர்ல காய்க்கறதில்லீங்க மாப்ள. பூ விழுந்து விழுது மண்ணுக்குள்ள எறங்குமுங்க. பசங்களுக்குத் தப்பாச் சொல்லிப் போடாதீங்க.” ஐம்பது வருடம் கடலை போட்டவர் முன்னால் வாத்தியார் வேலை பார்த்தால் இப்படித்தான். அதை அழித்துவிட்டு மறுபடி பேசினேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு கொய்யாச் செடி நின்றது. இந்த வெயிலோடு அது போச்சு என்று பொன்னுசாமி அண்ணன் எப்போதோ கைவிட்ட செடி. அந்தப் பங்குனிக் கடைசியில் அதைச் சுற்றியிருந்த புல்லெல்லாம் காய்ந்து கருக, அது மட்டும் தளதளவென்று துளிர்விட்டுக்கொண்டிருந்தது. மலை மண் ஆச்சரியமான மண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் இல்லையா.

மூன்றாவது வாரம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் என்ற சொல்லையே வாசலில் நின்று சொல்ல முடியாத நாட்கள் அவை. பொன்னுசாமி அண்ணன் காலையில் வந்தவர், உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். “வாத்தியாருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்ல சின்னது ரெண்டு கெடக்குது” என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா. சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். டாக்டர் இருமல், மூச்சு எல்லாம் விசாரித்து, சளியில்லாத காய்ச்சலாக இருக்கிறது, மாத்திரை கொடுத்தனுப்புகிறேன், இரண்டு நாளில் குறையாவிட்டால் கீழே அனுப்பியே ஆக வேண்டும் என்றார். கீழே அனுப்பினால் கூட ஆள் இருக்க விடமாட்டார்கள். ஒரு கை விளங்காத, பேச்சு குளறுகிற மனிதர், முகம் மூடிய ஆட்களுக்கு நடுவில் தனியாக. போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உடனே சுமதிக்குப் போன் போட்டேன் மாமா.

சுமதி அழவில்லை. நர்ஸ் கேட்கிற மாதிரி கேட்டாள். “ஏனுங்க, அப்பா ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போறாரு?”

ஒரு தடவை என்றேன்.

“ஒரு தடவையா? எத்தன நாளா?”

வந்த நாளிலிருந்து என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ஒண்ணுக்கு அடக்கிக் கிடந்தாலே இப்படிக் காய்ச்சல் வரும் என்றவள், தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டாள். மணிக்கொரு தடவை டம்ளரில் வைக்கிறேன், எப்போது பார்த்தாலும் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். போனை அணைத்துவிட்டுத் திரும்பியவன் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே போய்க் குனிந்து அந்தச் செடியடி மண்ணைத் தொட்டேன். சேறாக இருந்தது.

எனக்கு வந்தது கோபம்தான். மறைக்க மாட்டேன். நோயாளி, பெரியவர், மாமனார் எதுவும் பார்க்கவில்லை. “உங்க மக வந்து எங்கப்பா எங்கீங்கன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது? கொய்யாச் செடி நல்லா இருக்குது கண்ணு, வந்து பாருன்னு சொல்லட்டுமா?” என்று கத்தினேன்.

நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “மணவறைல ஒக்காத்தி வெச்சு, ஊரு பாக்க உங்க காலக் கழுவிப் பொண்ணக் குடுத்தனுங்க. அந்த மாப்ளகிட்டப் போயி என்ர மூத்திரத்த எடுக்கச் சொல்லச் சொல்றீங்களா? தண்ணி குடிச்சா உங்களக் கூப்புடோணும். குடிக்கலீன்னா கூப்புட வேண்டீதில்ல. அவ்வளவுதானுங்க.”

அந்தக் கல்யாணம் எனக்கும் ஞாபகம் இருந்தது. பித்தளைத் தட்டில் என் காலை வைத்துச் சொம்புத் தண்ணீரை ஊற்றி நீங்கள் கழுவியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது அன்றோடு முடியவில்லை. அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காக இருபது நாள் தாகத்தைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறீர்கள். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது வாத்தியார் வேலை ஒன்றுதான். அதைச் செய்தேன். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டேன். எட்டு பீரியட், பீரியடுக்கு ஒரு டம்ளர். குடித்தால் ஒரு கோடு. இங்கே மாப்பிள்ளையும் இல்லை, மாமனாரும் இல்லை, இது வகுப்பு என்றேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் டம்ளரோடு நின்றேன். கால் வலிக்க வலிக்க நின்றேன். நான் நிற்கையில் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்களே, அந்தப் பழக்கமே அன்று எனக்குத் துணைக்கு வந்தது. நான் உட்கார வேண்டுமென்றால் இதைக் குடியுங்கள் என்றேன். குடித்தீர்கள்.

முதல் தடவை உங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டால் என்னைத் தெரியாதா என்ன. நான் பேச்சை வேறு பக்கம் திருப்பக் கடலை விதைப்பைப் பற்றிக் கேட்டேன். திரும்பி வரும்போது, மழை பெய்த மூன்றாம் நாள் விதைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் ஐந்தாவது பீரியடுக்கு டம்ளரோடு வந்து, வருகைப் பதிவு எடுக்கிற குரலில் உங்கள் பெயரை உரக்கக் கூப்பிட்டேன். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கோணிய வாயில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. “உள்ளேன் ஐயா” என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தண்ணீர் உங்கள் சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. கொட்டியது கணக்கில் வராது என்று இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

அன்று மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்கு நான்கைந்து நாள் கழித்து நான் அடுப்படியில் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். பீரியடும் இல்லை, நேரமும் இல்லை. உள்ளேயிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள்.

“கண்ணு, சித்த வா சாமி. ஒண்ணுக்கு வருது.”

மாப்ள இல்லை. வாங்க இல்லை. கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். என் அப்பா என் பத்தாவது வயதிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த ஆணும் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை மாமா. உங்களைத் தூக்கி நிறுத்தும்போது நான் அழுதேன். நீங்கள் அன்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அதனால் பார்த்திருப்பீர்கள்.

சுமதி வந்து வேலிக்கு அப்பால் நின்று உங்களைப் பார்த்தபோது ஆடி பிறந்துவிட்டது. அப்பா சதை போட்டுட்டாரு என்று அழுதாள். கொய்யாச் செடி என்ன இப்படி வாடிக் கெடக்குது என்றும் கேட்டாள். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பிறகு நீங்கள் என்னைத் தனியாக அழைத்து, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அதற்கு ஊற்றச் சொன்னீர்கள். அப்படி வளர்ந்த மரம்தான் இது. இரண்டு வருடம் கழித்து உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், மதியத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இதன் முதல் காயை நீங்கள் பார்க்கவில்லை.

வாசனை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. உங்களிடம் கூசாமல் கேளுங்கள் கேளுங்கள் என்று கட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்தவன், என் முறை வந்ததும் ஜன்னலைப் பார்த்தேன். கேட்பதற்கு உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அன்று உங்களைக் காப்பாற்றியது நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் என்னை நம்பிக் கூப்பிட்டீர்கள். இன்று கூப்பிட எனக்குத் துணையாக இருப்பது, கண்ணு என்ற அந்த ஒரு குரல்தான்.

டம்ளரைக் காலி செய்துவிட்டேன் மாமா, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். இப்போது நோட்டை மூடிவிட்டுச் சுமதியைக் கூப்பிடப் போகிறேன்.