காமா நிற்க நேர்ந்த மொட்டை

மரியே வாழ்க

ஓசூர்
18.11.2007

அன்பு மகள் லிபியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். இங்கும் குளிர் வந்துவிட்டது. அப்பாவுக்குத் தலையில் மட்டும் அதிகமாகக் குளிர்கிறது, காரணம் கீழே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் கிருஷ்ணகிரியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள் அல்லவா, பொண்ணு என்ன படிக்கிறது என்றார்கள், காமா கதிர் ஆராய்ச்சி என்று பெருமையாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர், காபி டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்பா கம்பெனியிலும் வார்த்த இரும்புக்குள் ஓட்டை இருக்கிறதா என்று காமா போட்டுப் பார்க்கும்போது கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு, சங்கு ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், உனக்கே தெரியும். அவர்கள் போனால் போகட்டும். எனக்குத்தான் உன்னை நினைத்துப் பயமாகிவிட்டது. நீ வானத்தில் பார்க்கிற நட்சத்திர ஜோடியில் ஒன்று கருந்துளை, கூடச் சுற்றும் நட்சத்திரத்தை உறிஞ்சித் தின்கிறது, காமா ஒருநாள் கூடும் ஒருநாள் குறையும், எப்போது பொங்கும் என்று சொல்ல முடியாது என்று நீதான் போனில் சொன்னாய். அங்கே சங்கு ஊத யார் இருக்கிறார்கள்? அதனால் எலத்தகிரி மாதாவிடம், அந்தக் காமா நின்றால் அப்பாவுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன்.

அக்டோபரில் நீ, காமா நின்னுபோச்சும்மா என்றாய். மீதியைக் கேட்காமல் மறுநாளே அப்பாவை பஸ் ஏற்றினேன். லிபியாவுக்காக என்றதும் அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் தலையைக் கொடுத்தார். போன வாரம்தான் நீ, அது வராவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் வீண் என்று அழுதாய். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கொண்டே, அந்த வெளிச்சம் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிளம்பினது, நீ ஆகஸ்டில் நேர்ந்தா எப்படி நிற்கும் என்கிறார். மாதாவுக்கு முன்னே என்ன, பின்னே என்ன என்றேன். அந்தக் காமா மேலே காற்றிலேயே தீர்ந்துவிடும், தரைக்கு வராது, நீங்கள் பார்ப்பது அதனால் உண்டாகும் நீல மினுக்கைத்தான் என்று அவரிடம் மட்டும் சொன்னாயாம். என்னிடமும் சொல்லியிருந்தால் அவர் முடி மிஞ்சியிருக்கும்.

நேற்று மறுபடி போய், தெரியாமல் கேட்டுவிட்டேன் தாயே, காமா வரட்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். வெறுங்கையோடு கேட்டால் நன்றாயிருக்காது, அப்பா தலையில் கொடுக்க ஒன்றும் இல்லை. இந்தத் தடவை என் முடியைச் சொல்லியிருக்கிறேன்.

மாதா உன்னைக் காப்பாற்றுவாள். சாக்ஸ் போடாமல் வெளியே போகாதே. காமா வந்தாலும் போன் பண்ணு, வராவிட்டாலும் பண்ணு. வந்தால் மொட்டையோடு, வராவிட்டால் முடியோடு, உன்னை அழைத்துவர பெங்களூர் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன் கண்ணு.

உன் அம்மா
அற்புதமேரி ஜெபராஜ்