பிரசிடென்ட்டின் கனைப்பு

செஞ்சி
4-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை உண்ணாமலை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் தொண்டையைத் தவிர. ஓசூரில் நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டி வலி விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேச ஆரம்பித்தால் வார்த்தைக்கு ஒரு கனைப்பு வருகிறது. போன வாரம் நீயே, "இன்னாடி, உங்க ஊட்டுக்குள்ள லாரி போவுதா?" என்று கேட்டாய். அன்றைக்கே இனிமேல் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். தூசி அலர்ஜியாம். மூக்குக்குப் பின்பக்கமாகச் சளி தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். படுத்தால் அத்தனையையும் விழுங்குகிறேன். காலையில் குமட்டல், உப்புசம், புளித்த ஏப்பம். "பெரிய வியாதி இல்லம்மா. ஆனா முழுசா போவாது, கூட வச்சிக்கினு வாழப் பழகுங்க" என்றார்.

அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் தள்ளுகிறது. போன கிராம சபையில் தலைவர் நாற்காலியில் நான் தூங்கி வழிந்தேன். தீர்மானத்தையெல்லாம் என் வீட்டுக்காரர் படித்தார். ஊரே அவரைத்தான் பிரசிடென்ட் என்கிறது. ஓட்டு வாங்கி ஜெயித்த எனக்குப் "பிரசிடென்ட் வீட்டம்மா" என்று பெயர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவருடைய பங்காளி துரைக்கண்ணு பால்வாடிக்குப் பக்கத்திலேயே மல்லாட்டை உடைக்கிற மெஷின் போட்டிருக்கிறார். கடலைத் தோலும் தூசும் பறந்து பிள்ளைகளின் சோற்றுத் தட்டில் விழுகிறது. மெஷினை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி மே ஒன்றாம் தேதி சபையில் தீர்மானம் வைக்கப்போகிறேன். இவர் படித்தால் அதை மட்டும் தாண்டிவிடுவார். நான்தான் படிக்க வேண்டும். இந்தத் தொண்டை விடுமா, சொல்.

உன்,
உண்ணாமலை


ஓசூர்
11-4-2025

அருமைத் தங்கை உண்ணாமலைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! தொண்டை கெட்டதால் எனக்கொரு லாபம்.

உனக்கு வந்திருப்பது நம் நைனாவின் மூக்கு. எனக்கு வந்தது அவருடைய வயிறு. இங்கே ஒரு கரண்டி மொச்சைக் குழம்பு சாப்பிட்டால் பொழுதுக்கும் வயிற்றுக்குள் வண்டி ஓடுகிறது. உன் மாமாவுக்கு அதில் ஒரு சிரிப்பு.

சாப்பிட்டதும் படுக்காதே. தலைக்கு இரண்டு தலையணை வை. வெறும் வயிற்றில் டீ குடிப்பதை நிறுத்து. தூக்கம் வராத மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரம்மாவிடமே கேள், வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதே.

நைனா தெருமுனையில் கனைத்தால் நாம் என்ன செய்வோம், ஞாபகம் இருக்கிறதா? நீ ரேடியோவை அணைப்பாய். நான் கொலுசுக் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொள்வேன். அம்மா பாதிப் பேச்சில் அடுப்படிக்குப் போய்விடுவார். நைனாவுக்கு இருந்ததும் இதே சளிதான் என்று இப்போதுதான் புரிகிறது! ஆம்பளை கனைத்தால் வீடு அடங்க வேண்டும், நீ கனைத்தால் மட்டும் கஷாயம் குடித்துவிட்டு நீயே அடங்க வேண்டுமா?

எனக்கு ஒரே பயம்தான். சின்ன வயதிலிருந்தே சண்டை என்று வந்தால் விட்டுக்கொடுப்பவள் நீ. இதையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா வள்ளியம்மாள்


செஞ்சி
23-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு மாத்திரை வாங்கிவிட்டேன். தூக்கம் இல்லை. தலையணையும் வைத்தேன், காலைக் குமட்டல் குறைந்திருக்கிறது. கனைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மெஷின் ஓடுகிற நாளில் இன்னும் மோசம்.

தீர்மானத்தை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று சத்தமாகப் படித்துப் பார்த்தேன். வரிக்கு வரி கனைப்பு. மாடே திரும்பிப் பார்க்கிறது.

இவரைக் கெட்டவர் என்று நினைக்காதே அக்கா. தினமும் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கையில் கொடுக்கிறார். நேற்றும் கொடுத்துவிட்டு, "உனக்கு எதுக்கு இந்தத் தொல்ல? மைக்குல நீ கனைச்சா நாலு பேரு சிரிப்பான். நான் படிச்சிடறேன்" என்றார்.

"துரைக்கண்ணு மெஷினையும் சேத்துப் படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

என் கையில் இருந்த கஷாயத்தை வாங்கி அவரே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகையாக வருகிறது. சபை சிரித்துவிட்டால் தீர்மானமும் போச்சு, மானமும் போச்சு. இந்த ஒரு தடவை விட்டுவிடலாமா?

உன்,
உண்ணாமலை


ஓசூர்
27-4-2025

உண்ணாமலை,

விடாதே. கனைத்துக் கனைத்துப் படி. பொழுது சாய்ந்தாலும் படி.

அக்கா


செஞ்சி
3-5-2025

என் அன்பு அக்காவுக்கு,

படித்துவிட்டேன்!

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன், வயிறு சத்தம் போட வேண்டாம் என்று. கோயில் பந்தலில் நல்ல கூட்டம். வழக்கம்போல ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னாலேயே நின்றார். நான் மைக்கைப் பிடித்ததும் இவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "குடு, உனக்குத் தொண்ட சரியில்ல."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சளி இறங்கிவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நன்றாக ஒரு கனைப்புக் கனைத்தேன். அது பெரிய ஸ்பீக்கரில் போய் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா, அத்தனை கூட்டமும் கப்சிப்! யாரோ பெரிய மனுஷர் வந்துவிட்டார் என்று எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். துரைக்கண்ணு தன்னை அறியாமல் மடித்த கைலியை இறக்கிவிட்டார். இவரும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பார்த்தால், மைக் முன்னால் நான் மட்டும்தான் நிற்கிறேன். உன் கடிதத்தில் இருந்த நைனா அப்போது ஞாபகத்துக்கு வந்தார். அந்த அமைதியை நான் விடவில்லை.

"என் தொண்டைக்கு இன்னா கேடுன்னு எல்லாரும் கேக்கறீங்க இல்ல? மல்லாட்டத் தூசிதான். நான் மாத்திரை போட்டுக்கறேன். பால்வாடிப் புள்ளைங்க இன்னா போட்டுக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தீர்மானத்தைப் படித்தேன். வரிக்கு வரி கனைத்தேன். ஒவ்வொரு கனைப்புக்கும் இன்னும் அடங்கினார்கள். நடுவில் ஒரு ஏப்பமும் வந்தது, அதற்கு மட்டும் மைக்கை விலக்கிக்கொண்டேன்.

பால்வாடியில் சமைக்கிற அம்மாக்கண்ணு முதலில் கையைத் தூக்கினாள். அப்புறம் பெண்கள் எல்லாரும், அதற்கப்புறம் ஆண்கள். துரைக்கண்ணு, "சரி, ஊருக்கு வெளிய எங்க கொல்லைக்கே கொண்டும்போயிடறேன்" என்று சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கஷாயம்கூட வைக்காமல் படுத்துவிட்டார். நேற்றுக் காலையில் யாரோ வாசலில் வந்து, "பிரசிடென்ட்டு!" என்று கூப்பிட்டார்கள். தின்பண்டம் கொறித்துக்கொண்டிருந்த இவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பிரசிடென்ட்டு உள்ள இருக்காங்க. இரு, கூப்புடறேன்."

உன்,
உண்ணாமலை


ஓசூர்
8-5-2025

ஊராட்சி மன்றத் தலைவர் உண்ணாமலை அவர்களுக்கு,

கடிதத்தை உன் மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மருமகளுக்கும் காட்டினேன். மாடி வீட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கும் காட்டினேன். என் தங்கை என்று சொல்லும்போது என் குரலே மாறிவிடுகிறதாம், மாமா கேலி செய்கிறார்.

வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் வருகிறேன். நீயும் வா. அங்காளம்மனிடம் உன் வயிறு நன்றாக ஆகவேண்டும், ராத்திரி நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். தொண்டையை மட்டும் கொஞ்சம் அப்படியே விட்டுவை தாயே என்று கேட்பேன்.

பெருமையுடன்,
அக்கா