ரெண்டாவது குதிரை

நவம்பர் 9, சனி. இர்விங்.

நானும் வீட்டுக்காரரும் காட்டுப்பன்னி வேட்டைக்கு ஒரு ராஞ்சுக்கு, அதான் பெரிய மாட்டுப் பண்ணைக்கு, போயிருந்தோம். என் பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்ததும் கூட வந்த ஆபீஸ் சுரேஷுக்கு ஒரே சிரிப்பு. "மியூசியத்துக்கு டொனேட் பண்ணிடு, கீதா."

அதுல குழலுக்கு ஒரு குதிரை, தோட்டாவை அடிக்கிற சின்னச் சுத்தியல் மாதிரி. சுடறதுக்கு முன்னாடி கட்டைவிரலால பின்னால இழுத்து ஏத்தணும். நான் ஒண்ணைத்தான் ஏத்தியிருந்தேன். புதர்லேர்ந்து பன்னி நேரா என் மேல ஓடி வந்துச்சு. முதல் குண்டு தோள்ல பட்டும் நிக்கலை. ரெண்டாவது விசையை அழுத்தினேன். ஒண்ணுமே ஆகலை. அந்தக் குதிரையை ஏத்தலைன்னு அப்புறம்தான் உறைச்சுது. ஏத்தினேன், சுட்டேன். பன்னி என் பூட்ஸுக்கு நாலடி முன்னாடி விழுந்துச்சு.

கார்ல வழி முழுக்க என் வீட்டுக்காரர் அதே பாட்டு. "துப்பாக்கி கழுத்தறுத்துடுச்சு பார். வித்துடு. செமி ஆட்டோமேட்டிக் வாங்கித் தரேன்."

அது ஏன் கழுத்தறுக்கணும்? ஏத்தாதது நான். என் தப்பைத் துப்பாக்கி தலையில கட்ட மாட்டேன்.

பயந்தேனா? பயந்தேன். அவர்கிட்ட சொல்லலை.

துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சாச்சு. கட்டைவிரல்ல எண்ணெய்க் கறை இன்னும் போகலை. இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை இதே விரல்தான் ரெண்டு குதிரையையும் ஏத்தப் போகுது.