பதினாலு புள்ளி ஆறுக்கு மேல் கூடாது

செவ்வாய், ஜோகுபாளையம்

மாமனாரின் ஆக்சிஜன் மெஷினுக்காக லித்தியம் பேட்டரி வாங்கியிருந்தோம். என் கணவரின் அண்ணன் இன்று அதைப் பழைய இன்வர்ட்டரில் மாட்டிவிட்டார். அந்த இன்வர்ட்டர் ஆசிட் பேட்டரிக்கானது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பதினாலு புள்ளி ஆறு வோல்ட்டில் நிற்க வேண்டியது பதினைந்தைத் தாண்டியிருந்தது. அளவு மீறினால் லித்தியம் தீப்பிடிக்கலாம். உடனே வயரைக் கழற்றினேன்.

"அதிகமானா பேட்டரியே கட் பண்ணிக்கும்மா, கடையில சொன்னாங்க" என்றார் அண்ணன்.

"அது கடைசிக் காவல். அத நம்பி தினம் மாமாவ பக்கத்துல படுக்க வைக்க மாட்டேன்."

"கரண்ட் போனா?"

மாமனாரைக் கீழ்வீட்டுக்கு அழைத்துப்போய், அவர்கள் இன்வர்ட்டரில் மெஷினைச் சேர்த்தேன். சரியான சார்ஜர் வரும்வரை அங்கேதான் இருப்பார்.

அண்ணன் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.